அமெரிக்காவில் சின்ன மோட்டல் வாங்கும் முன்: வரப்போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாலு தமிழ்க் குடும்பம் சேர்ந்து சாப்பிடுகிற இடத்தில் ஐ.டி. ஆள்குறைப்பு பற்றிய பேச்சு வந்துவிட்டால் போதும், அரைமணி நேரத்துக்குள் யாராவது ஒருவர் "பட்டேல்கள் எல்லாம் மோட்டல் வச்சே செட்டில் ஆயிட்டாங்க, நாமும் ஒண்ணு வாங்கிப் போடலாமே" என்று ஆரம்பித்துவிடுவார். வீட்டு மனையை வாங்கிப் போடலாம், வாடகை வீட்டைக்கூட வாங்கிப் போடலாம். மோட்டலை, அதாவது நெடுஞ்சாலையோரத் தங்கும் விடுதியை, வாங்கினால் அங்கே போய் உட்கார வேண்டும். நான் சின்ன மோட்டல்களுக்குக் கணக்கு எழுதுகிறவன். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் குஜராத்திகள், கொஞ்சம் தெலுங்குக்காரர்கள், இப்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழர்கள். வாங்கும் முன் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று நினைக்கவைக்கிற கேள்விகளை வாங்கிய பிறகு கேட்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பட்டேல்கள் எப்படி ஜெயித்தார்கள் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிடலாம், ஏனென்றால் பின்னால் வரும் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. 1942-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் கான்ஜி மஞ்சு தேசாய் என்ற குஜராத்திக்காரர் ஒரு சின்ன ஹோட்டலை எடுத்து நடத்த ஆரம்பித்தார். அதை நடத்தி வந்தவர் ஜப்பானிய வம்சாவளியினர், போர்க்காலத்தில் முகாமுக்கு அனுப்பப்பட்டுவிட்டார். அப்புறம் தேசாய் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனார், ஊரிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் பத்திரம் கித்திரம் இல்லாமல் கைமாற்றுக் கொடுத்து ஹோட்டல் குத்தகை எடுக்க வைத்தார். 1965-இல் குடியேற்றச் சட்டம் தளர்ந்தது, 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து இந்தியர்களைத் துரத்தினார், 1973 பெட்ரோல் நெருக்கடியில் நெடுஞ்சாலைப் பயணம் சரிந்து பழைய மோட்டல்கள் அடிமாட்டு விலைக்கு வந்தன. மூன்றும் அடுத்தடுத்து நடந்தது. கடன் கொடுக்க உறவு இருந்தது, தங்க அந்த மோட்டலிலேயே அறை இருந்தது, வேலைக்குச் சம்பளம் வாங்காத அம்மா, மனைவி, தம்பி, பிள்ளைகள் இருந்தார்கள். இன்று ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கத்தின் சுமார் 20,000 உறுப்பினர்கள் கையில் அமெரிக்க ஹோட்டல்களில் ஏறக்குறைய 60 சதவீதம் இருக்கிறது என்று அந்தச் சங்கமே சொல்கிறது. அந்த 60 சதவீதத்தின் அஸ்திவாரத்தில் எந்தப் பேரேட்டிலும் ஏறாத சம்பளம் நிறைய இருக்கிறது.

முதல் படி: விசா

இடம் தேடுவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் ஈ-2 முதலீட்டாளர் விசா கிடையாது, இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் அந்த ஒப்பந்தமே இல்லை. இலங்கை, சிங்கப்பூர், கனடா குடிமக்களுக்கு உண்டு. டொராண்டோவில் இருக்கும் நம் ஆட்கள் எல்லை தாண்டி வந்து மோட்டல் எடுக்க முடிவது இதனால்தான். மலேசியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் ஒப்பந்தம் உண்டு, ஆனால் பிரிட்டனில் வசிப்பவராக இருக்க வேண்டும். கரீபியன் தீவு நாடான கிரெனடாவின் குடியுரிமையைக் காசு கொடுத்து வாங்கி அந்த வழியாக வரலாம் என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள். 2022 கடைசியில் சட்டம் மாறிவிட்டது, முதலீடு செய்து வாங்கிய குடியுரிமை என்றால் அந்த நாட்டில் மூன்று வருஷம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். ஏஜெண்ட் இதைக் கடைசியில் சொல்வார், அல்லது சொல்லவே மாட்டார்.

எச்-1பி-யில் இருப்பவர் மோட்டலில் பங்கு வைத்துக்கொள்ளலாம், கவுண்டரில் நின்று சாவி கொடுக்கக் கூடாது. "சும்மா சனி ஞாயிறு மட்டும்தான்" என்பதெல்லாம் சட்டத்துக்குத் தெரியாது. மனைவியோ கணவரோ எச்-4-இல் வேலை அனுமதி அட்டை வைத்திருந்தால் அவர் நடத்தலாம், ஆனால் மொத்தக் குடும்பத்தின் வருமானத்தையும் அந்த ஒரு அட்டையின் புதுப்பித்தலில் தொங்கவிடுகிறீர்கள் என்பதைப் புரிந்துகொண்டு செய்யுங்கள். ஈபி-5 (முதலீட்டின் பேரில் கிரீன் கார்டு) என்றால் கிராமப்புறம், வேலையின்மை மிகுந்த இடம் போன்ற இலக்குப் பகுதியில் 8 லட்சம் டாலர், அதற்கு வெளியே 10.5 லட்சம் டாலர். அதோடு பத்து முழுநேர வேலைகளை உருவாக்கிக் காட்ட வேண்டும், அந்தப் பத்தில் உங்களையும் மனைவி மக்களையும் சேர்க்க முடியாது. குடும்பமே நடத்துகிற 40 அறை மோட்டலில் பத்து வேலைக்கு எங்கே போவது? கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் இந்தப் பத்தியை மறந்துவிட்டு மேலே போங்கள், கடன் பகுதியில் மட்டும் மறுபடி நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: யார் வந்து தங்குகிறார்கள் என்று பாருங்கள்

புரோக்கர் அனுப்பும் விளம்பரத்தில் "இண்டர்ஸ்டேட்டுக்கு (மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைக்கு) அருகே" என்றுதான் எல்லா மோட்டலும் இருக்கும். எந்த எக்ஸிட் (பெருஞ்சாலையிலிருந்து இறங்கும் வழி), காரில் வருகிறவன் கண்ணுக்குப் பலகை எந்தப் பக்கத்திலிருந்து தெரிகிறது, இறங்கினால் இடப்பக்கம் திரும்ப வழி இருக்கிறதா என்பதெல்லாம் நேரில் போனால்தான் தெரியும். பழைய யு.எஸ். நெடுஞ்சாலைகளில் இருந்த எத்தனையோ மோட்டல்கள் பக்கத்தில் இண்டர்ஸ்டேட் வந்தபோது செத்தன. இப்போதும் புது பைபாஸ் ஒன்று திட்டத்தில் இருந்தால் மாநிலப் போக்குவரத்துத் துறையின் வரைபடத்தில் அது இருக்கும், நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அதே மோட்டலில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவும் ஒரு வெள்ளிக்கிழமை இரவும் விருந்தாளியாகப் போய்ப் படுங்கள். சொந்தக்காரரிடம் சொல்லாதீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் பார்க்கிங்கில் நின்று வண்டிகளை எண்ணுங்கள். கட்டுமானக் கம்பெனிப் பிக்கப் வண்டிகளா, வெளிமாநில நம்பர் பிளேட்டா, மாதக்கணக்கில் அசையாத தூசி படிந்த கார்களா? முதல் வகை என்றால் அந்த வேலை முடிந்ததும் அறைகள் காலியாகும். எண்ணெய் வயல் ஊர்களில் இது ரொம்ப சகஜம்: மேற்கு டெக்சஸில் எண்ணெய் விலை ஏறும்போது ஒரு அறைக்கு 150 டாலர் கேட்பார்கள், விலை விழுந்தால் 50-க்கும் ஆள் இருக்காது, விற்பவர் உங்களிடம் காட்டுவது ஏறியிருந்த வருஷத்துக் கணக்காக இருக்கும். மூன்றாம் வகை என்றால் அது உண்மையில் வாரவாடகைக் குடியிருப்பு. அதற்குத் தனிச் சட்டம், தனித் தலைவலி, பின்னால் வருகிறேன். ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், ராணுவ முகாம், சிறைச்சாலை இவற்றில் ஒன்று பக்கத்தில் இருந்தால் நல்லது, சுற்றுலா மட்டும்தான் என்றால் குளிர்காலத்து மின்கட்டணத்தை யார் கட்டுவது என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கணக்கு

இந்தப் பகுதியை அவசரமாகப் படிக்காதீர்கள், பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர் ஒரு தாளில் லாபநஷ்டக் கணக்கு தருவார். 40 அறை, சராசரியாக 55 சதவீதம் நிரம்புகிறது, அறைக்குச் சராசரி 60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 8,030 அறை-இரவுகள், வருமானம் 4,81,800 டாலர். செலவெல்லாம் போக 1,70,000 டாலர் நிற்கிறது என்று அந்தத் தாள் சொல்லும். கேட்கும் விலை 15 லட்சம் டாலர். வருஷ வருமானத்தைப் போல மூன்று மடங்குதானே, மார்க்கெட் ரேட்தான் என்பார் புரோக்கர்.

கால் பங்கு, அதாவது 3,75,000 டாலர், நீங்கள் போடுகிறீர்கள். மிச்சம் 11,25,000 கடன். 9 சதவீத வட்டி, 25 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 9,440, வருஷத்துக்கு 1,13,000-க்குச் சற்று மேல். 1,70,000-இலிருந்து அதைக் கழித்தால் 56,700 கையில். இங்கேதான் எல்லோரும் கணக்கை மூடிவிட்டு "பரவாயில்லையே, வீட்டு வாடகையும் மிச்சம்" என்று சந்தோஷப்படுகிறார்கள்.

இப்போது விற்பவரின் தாளில் சம்பளம் என்ற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் பகுதிநேர ஹவுஸ்கீப்பர் ஒருவருடைய சம்பளம் மட்டும் இருக்கும். கவுண்டரில் யார்? அவரும் அவர் மனைவியும். ராத்திரி மணி அடித்தால் எழுந்து வருவது யார்? அவர்களேதான். வருஷத்துக்கு 8,760 மணி நேரம் அந்தக் கவுண்டருக்கு ஆள் வேண்டும். மணிக்கு 12 டாலர் வைத்தாலும் 1,05,120 டாலர். ஓர் அறையைச் சுத்தம் செய்ய அரைமணி என்றால் வருஷத்துக்கு நாலாயிரம் மணி நேரம், அதில் பாதியை வீட்டம்மா செய்கிறார் என்றால் இன்னும் 24,000. ஆக, தாளில் இல்லாத குடும்ப உழைப்பின் விலை ஏறக்குறைய 1,29,000 டாலர். அதைக் கழித்தால் இந்த மோட்டல் சம்பாதிப்பது 41,000, கட்ட வேண்டிய தவணை 1,13,000.

வேறு விதமாகவும் பார்க்கலாம். உங்கள் கையில் நிற்கும் 56,700 டாலரை உங்கள் குடும்பம் கொடுக்கப்போகும் 10,760 மணி நேரத்தால் வகுங்கள். மணிக்கு 5 டாலர் 27 சென்ட். ஃபெடரல் குறைந்தபட்சக் கூலியே 7 டாலர் 25 சென்ட். கடன் அடைகிறதே, சொத்து சேர்கிறதே என்பீர்கள். முதல் வருஷத்தில் அசல் குறைவது ஏறக்குறைய 12,500 டாலர்தான், மிச்சமெல்லாம் வட்டி. அதோடு மெத்தை, டி.வி., ஏ.சி. மாற்றுவதற்கு வருமானத்தில் 4 சதவீதத்தை ஒதுக்கச் சொல்லி வங்கியே கேட்கும், அது 19,000.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். வாடகை, மின்சாரம், இணையம், துணி துவைப்பது எல்லாம் மோட்டலோடு போய்விடும், அது உண்மையான மிச்சம். ஐந்தாறு வருஷத்தில் அறையை 60-இலிருந்து 75-க்கு ஏற்ற முடிந்தால் மேலே சொன்ன கணக்கு தலைகீழாக மாறும், அப்படி மாற்றித்தான் ஒரு தலைமுறை மேலே வந்தது. நான் சொல்வது இவ்வளவுதான்: விலை பேசும்போது குடும்பத்தின் உழைப்பைச் சம்பளமாக எழுதி, அதற்குப் பிறகு மிஞ்சுவதற்கு மட்டும் விலை கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் மனைவி அடுத்த பத்து வருஷம் செய்யப்போகும் வேலைக்கான கூலியை விற்பவருக்கு இன்றே மொத்தமாகக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

இன்னொரு விஷயம். "தாளில் இவ்வளவுதான் பாய், கேஷ் தனி" என்று கண்ணடிப்பவர்கள் இருக்கிறார்கள். வரி கட்டாமல் மறைத்த வருமானத்துக்கு நீங்கள் விலை கொடுக்கத் தேவையில்லை, வங்கியும் அதை ஒப்புக்கொள்ளாது. மூன்று வருஷ வருமானவரித் தாக்கல், வங்கி அறிக்கை, ஆன்லைன் புக்கிங் தளங்களின் மாதப் பட்டியல், எல்லாவற்றுக்கும் மேலாக அறை வரி (விருந்தாளியிடம் வாடகையோடு வாங்கி அரசுக்குக் கட்டுவது) கட்டிய ரசீதுகள், இவற்றைக் கேளுங்கள். இல்லாத வருமானத்துக்கு யாரும் அறை வரி கட்டமாட்டார்கள், எனவே நாலும் ஒன்றோடொன்று முரண்பட்டால் நான் அந்த ரசீதைத்தான் முதலில் நம்புவேன்.

நான்காம் படி: கடன்

அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகத்துடைய (எஸ்.பி.ஏ.) உத்தரவாதத்தோடு வங்கிகள் தரும் கடன்தான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு. அதன் 7(ஏ) திட்டத்தில் உச்சவரம்பு 50 லட்சம் டாலர், கட்டிடம் சம்பந்தப்பட்டது என்றால் 25 வருஷம் வரை. 504 திட்டம் கொஞ்சம் வேறு: வழக்கமாக வங்கி பாதி, அரசு அங்கீகரித்த மேம்பாட்டு நிறுவனம் 40 சதவீதம், நீங்கள் 10. ஆனால் மோட்டல் ஒரே வேலைக்கான கட்டிடம் என்பதால் உங்கள் பங்கு 15, தொழிலுக்கே புதியவர் என்றால் 20. பங்குதாரர்களின் குடியேற்ற நிலை பற்றிய விதிகளைச் சமீபத்தில் ரொம்பவே இறுக்கியிருக்கிறார்கள், எனவே குடியுரிமை இல்லாத ஒருவரும் பங்காக வருகிறார் என்றால் வங்கியாளரிடம் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கட்டும்.

ஐ.டி. நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆளுக்கு இருபது சதவீதம் போடுவது நம்மவர்களிடம் பிரபலம். 20 சதவீதமும் அதற்கு மேலும் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் தனிப்பட்ட உத்தரவாதக் கையெழுத்துப் போட வேண்டும், அதாவது உங்கள் வீடும் அதில் மாட்டும். அதைவிடப் பெரிய சிக்கல், ஐந்து பேரில் யார் கவுண்டரில் நிற்பது? நிற்கிறவருக்குச் சம்பளம் எவ்வளவு என்று முதல் நாளே எழுதாமல் ஆரம்பித்த கூட்டு எதுவும் சிரித்த முகத்தோடு முடிந்து நான் பார்த்ததில்லை. விற்பவரே ஒரு பகுதியைக் கடனாக விட்டுவைப்பதும் உண்டு. அவர் தன் மோட்டலை எவ்வளவு நம்புகிறார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல சோதனை கிடையாது.

ஐந்தாம் படி: தோண்டிப் பார்ப்பது

ஒப்பந்தம் போட்ட பிறகு சோதனைக் காலம் என்று சில வாரங்கள் கிடைக்கும். கூரை, கழிவுநீர்க் குழாய், சுவரில் பதித்த ஏ.சி. பெட்டிகள் எத்தனை வயது, வெந்நீர்க் கொதிகலன், எல்லா அறையையும் திறந்து பாருங்கள். "அந்த நாலு ரூம் மட்டும் இப்போ ஸ்டோர் ரூமா வச்சிருக்கோம்" என்றால் அந்த நாலையும் கண்டிப்பாகப் பாருங்கள். சுற்றுச்சூழல் முதல்கட்ட ஆய்வு வங்கியே கேட்கும், பக்கத்தில் பழைய பெட்ரோல் பங்க் இருந்ததா என்பதுதான் முக்கியக் கேள்வி. மெத்தையின் ஓரத் தையலையும் கட்டில் தலைப்பலகையின் பின்புறத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள், மூட்டைப்பூச்சி அங்கேதான் குடியிருக்கும்.

பலர் விட்டுவிடுகிற இரண்டு விஷயங்கள். ஒன்று, அந்த முகவரிக்குப் போலீஸ் எத்தனை முறை வந்தது என்ற பதிவு, ஊர்க் காவல்துறையில் பொதுத்தகவலாகக் கேட்டு வாங்கலாம். பல நகரங்களில் தொல்லை தரும் இடங்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது, அழைப்புகள் அளவுக்கு மீறினால் உரிமத்தையே பறிக்க முடியும். இரண்டு, பழைய சொந்தக்காரர் அறை வரி பாக்கி வைத்திருந்தால் பல மாநிலங்களில் அது வாங்குகிறவர் தலையில் விழும். வரி அலுவலகத்திடமிருந்து பாக்கியில்லாச் சான்றிதழ் வரும்வரை எஸ்க்ரோவிலிருந்து (பத்திரப்பதிவு முடியும்வரை பணத்தை மூன்றாம் ஆள் பிடித்து வைக்கும் கணக்கு) பணம் நகரக் கூடாது என்று எழுத்தில் போடச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: பெயர்ப் பலகை

சூப்பர் 8, டேஸ் இன், மோட்டல் 6, எகானோ லாட்ஜ் மாதிரி ஒரு பிராண்டை வைத்துக்கொள்வதா, தனிப் பெயரில் நடத்துவதா? ராயல்டி, விளம்பரம், ரிசர்வேஷன் என்று எல்லாம் சேர்த்தால் அறை வருமானத்தில் பத்துச் சதவீதத்தைச் சுற்றி வரும். அதற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது? கடன் தருகிற வங்கிக்குக் கொஞ்சம் நிம்மதி, ரிசர்வேஷன் தளத்திலிருந்து ஆட்கள், கூடவே இன்ஸ்பெக்ஷன். கைமாறும்போது பிராண்ட் ஒரு சீரமைப்புப் பட்டியலைக் கையில் கொடுக்கும்: தரைவிரிப்பு, லாபி, விளக்கு, மெத்தை என்று. அதன் செலவைத் தெரிந்துகொள்ளாமல் விலை பேசாதீர்கள், பழைய சொந்தக்காரர் இத்தனை வருஷம் செய்யாமல் விட்டதெல்லாம் அதில் இருக்கும்.

ஃபிராஞ்சைஸ் (பிராண்டின் பெயரில் நடத்தும் உரிமம்) பற்றிய விவர ஆவணத்தை நீங்கள் கையெழுத்துப் போடுவதற்குக் குறைந்தது 14 நாள் முன்னால் தர வேண்டும் என்பது ஃபெடரல் விதி. அந்த 14 நாளில் வக்கீலிடம் கொடுங்கள். அதில் 20-ஆம் பகுதியில் எத்தனை பேர் அந்த ஆண்டு பிராண்டை விட்டுப் போனார்கள் என்று இருக்கும், அவர்களுக்குப் போன் போட்டுப் பேசுங்கள், அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும், எத்தனை மைலுக்குள் அதே பிராண்டுக்கு இன்னொருவருக்கு உரிமம் தரமாட்டார்கள் என்ற இரண்டையும் அடிக்கோடிடுங்கள். இந்த இரண்டுக்காகவும்தான் முதலில் சொன்ன ஆசிய அமெரிக்க ஹோட்டல் உரிமையாளர் சங்கம் 1998-இலேயே நியாயமான ஃபிராஞ்சைஸுக்கு 12 அம்சங்கள் என்று போட்டுப் போராடியது. இன்னும் போராடிக்கொண்டிருக்கிறது.

அந்தச் சங்கம் பிறந்த கதையும் தெரிந்திருக்க வேண்டும். எண்பதுகளில் இந்தியர்கள் நடத்தும் மோட்டல்களுக்குக் காப்பீடு தர நிறுவனங்கள் மறுத்தன, பக்கத்து மோட்டல்காரர்கள் "அமெரிக்கர் நடத்துவது" என்று பலகை மாட்டி வைத்தார்கள். டென்னசியில் காப்பீட்டுப் பிரச்சினைக்காகவே 1985-இல் ஒரு சங்கம், அட்லாண்டாவில் 1989-இல் இன்னொன்று, பிறகு இரண்டும் ஒன்றாயின. நீங்கள் தமிழரானாலும் உறுப்பினராகலாம், ஆகுங்கள். பக்கத்து எக்ஸிட்டில் இருக்கும் பட்டேல் பாயைப் போட்டியாளர் என்று ஒதுக்காமல் ஒரு டீ குடிக்கப் போங்கள், எந்தப் பிளம்பர் ஞாயிற்றுக்கிழமை வருவார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஏழாம் படி: கவுண்டரில் முதல் மாதம்

அடையாள அட்டை இல்லாமல் அறை கிடையாது, அந்த அட்டையில் உள்ளவரும் கிரெடிட் கார்டில் உள்ளவரும் ஒருவராக இருக்க வேண்டும், சேதத்துக்கு முன்பணம் வாங்க வேண்டும். இந்த மூன்றில் எதையும் முகத்துக்காகத் தளர்த்தாதீர்கள். ஒருவருக்கு வாங்கி இன்னொருவருக்கு வாங்காமல் விட்டால் பாகுபாடு என்று வழக்கு வரும், எனவே விதியை அச்சடித்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுங்கள். நாயோடு வருகிறவர் சேவை நாய் என்று சொன்னால் நீங்கள் இரண்டே கேள்விதான் கேட்கலாம்: மாற்றுத்திறன் காரணமாக இது தேவைப்படுகிறதா, எந்த வேலைக்குப் பழக்கப்பட்டது. சான்றிதழ் கேட்கக் கூடாது, தனிக் கட்டணமும் வாங்கக் கூடாது.

விருந்தாளிப் பதிவேடு உங்கள் சொத்து. லாஸ் ஏஞ்சலஸில் போலீஸ் எப்போது கேட்டாலும் அதைக் காட்டியாக வேண்டும் என்று ஒரு நகரச் சட்டம் இருந்தது, பட்டேல்கள் அதை எதிர்த்துப் போய் 2015-இல் உச்சநீதிமன்றத்தில் 5-க்கு 4 என்று ஜெயித்தார்கள். மறுத்து ஒரு நடுநிலையாளரிடம் முறையிட வாய்ப்பே இல்லாமல் அப்படிக் கட்டாயப்படுத்துவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று தீர்ப்பு. ஆக, யாராவது வந்து பட்டியல் கேட்டால் மரியாதையாக "ஆணை இருந்தால் கொடுங்கள் சார்" என்று சொல்லலாம். இன்னொரு பக்கமும் இருக்கிறது: விருந்தாளிப் பட்டியலைக் குடியேற்ற அதிகாரிகளுக்குக் கொடுத்து வந்ததற்காக மோட்டல் 6 நிறுவனம் 2019-இல் வாஷிங்டன் மாநிலத்தோடு 1.2 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதிகாரி கேட்டால் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள்.

ஆன்லைன் தளங்கள் அறை விலையில் 15 முதல் 20 சதவீதம், சில சமயம் அதற்கும் மேல், எடுத்துக்கொள்ளும். முதல் தடவை அந்த வழியாக வந்தவரை இரண்டாம் தடவை நேராக உங்களுக்கே போன் பண்ண வைப்பதுதான் கவுண்டரில் நிற்பவரின் திறமை. துணிக்கு மூன்று செட் கணக்கு: கட்டிலில் ஒன்று, லாண்ட்ரியில் ஒன்று, அலமாரியில் ஒன்று.

வேலைக்கு ஆள் எடுத்தால் மூன்று வேலை நாளுக்குள் ஐ-9 படிவம் (வேலை செய்ய அனுமதி உள்ளவர்தானா என்று சரிபார்ப்பது), வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு கூலி. அறை இலவசம், அதனால் மாதம் இவ்வளவு என்று ஒரு தம்பதியை மேனேஜராக உட்கார வைத்துவிட்டு அவர்கள் நேரத்தை எழுதாமல் விடுவது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். தொழிலாளர் துறை வழக்குகளும் அங்கிருந்துதான் வருகின்றன. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர் என்றால் வழக்குப் போடமாட்டார் என்று நம்புகிறார்கள். போடுவார்.

எட்டாம் படி: மாதக்கணக்கில் தங்குகிறவர்கள்

பல மாநிலங்களில் ஒருவர் 30 நாள் தாண்டித் தங்கினால் அறை வரி நின்றுவிடும். டெக்சஸில் மாநில வரி 6 சதவீதம், அதற்கு மேல் ஊர் வரி. 30 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து தங்குகிறவருக்கு விலக்கு. வரி போகிறதே நல்லதுதானே என்றால், கூடவே அவர் வாடகைதாரர் ஆகிவிடவும் வாய்ப்புண்டு. அப்புறம் பணம் தராவிட்டால் கதவைப் பூட்ட முடியாது, கோர்ட்டுக்குப் போய்த்தான் காலி செய்ய வைக்க வேண்டும். அதைத் தவிர்க்க 28-ஆம் நாள் வெளியே அனுப்பி மறுபடி சேர்த்துக்கொள்கிற தந்திரத்தை யாராவது சொல்லித் தருவார்கள். கலிஃபோர்னியாவில் அப்படிச் செய்வதே சட்டவிரோதம். வாரவாடகைக்காரர்கள் எல்லோரும் தொல்லை என்று நான் சொல்லவில்லை, வீடு வாடகைக்கு எடுக்க முன்பணம் சேராத குடும்பங்கள்தான் அதில் நிறைய. அதற்கான வாடகை ஒப்பந்தத்தோடு செய்யுங்கள், அல்லது செய்யாதீர்கள்.

ஒன்பதாம் படி: பாதுகாப்பு

ராத்திரி லாபிக் கதவைப் பூட்டி ஜன்னல் வழியாகச் சாவி கொடுங்கள். கேஷை டிராயரில் சேரவிடாதீர்கள். சண்டை கேட்டால் அறைக் கதவைத் தட்டப் போகாமல் 911 அழையுங்கள், இதில் வீரம் வேண்டாம். 2025 செப்டம்பரில் டல்லாஸில் ஒரு மோட்டல் மேலாளர் தன்னோடு வேலை செய்தவராலேயே, குடும்பத்தின் கண் முன்னால், கொல்லப்பட்டார். குடும்பமும் அதே வளாகத்தில் குடியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துத்தான் கேமரா, பூட்டு, வெளிச்சம் எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும்.

ஆள்கடத்தல் (ஆட்களைக் கட்டாயப்படுத்திப் பாலியல் தொழிலிலோ வேலையிலோ தள்ளுவது) விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்வது இன்னும் ஆபத்து. ஒரே அறைக்கு இரவெல்லாம் வெவ்வேறு ஆண்கள் வந்து போவது, தன் அடையாள அட்டையைத் தானே வைத்திருக்காத பெண், கேஷில் நாள்நாளாக நீட்டிப்பு, பார்க்கிங்கைப் பார்த்த மாதிரியே அறை கேட்பது, இவையெல்லாம் அறிகுறிகள். தெரிந்திருக்க வேண்டியது தெரியாமல் போனாலே உரிமையாளர் மேல் வழக்குப் போடலாம் என்கிறது ஃபெடரல் சட்டம். கலிஃபோர்னியாவில் ஊழியர்களுக்கு இதற்கான பயிற்சி கட்டாயம். உங்கள் மாநிலத்தில் கட்டாயம் இல்லாவிட்டாலும் கொடுத்து, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, வீடு

கவுண்டருக்குப் பின்னால் இரண்டு அறை, ஒரு சமையலறை, அதுதான் வீடு. தாளிக்கிற வாசனை லாபிக்கு வந்தால் அடுத்த நாள் இணையத்தில் அது ஒரு நட்சத்திர விமர்சனமாக வந்து நிற்கும். நல்ல எக்ஸாஸ்ட் ஒன்று போட்டுவிட்டு உங்கள் பாட்டுக்குச் சாம்பார் வையுங்கள், அதற்காக வெட்கப்பட ஒன்றுமில்லை. பள்ளி மாவட்டம் எப்படி என்று வாங்கும் முன்பே பாருங்கள், நல்ல லாபம் தரும் எக்ஸிட் எல்லாம் நல்ல பள்ளிக்கூடத்தின் பக்கத்தில் இருப்பதில்லை. பிள்ளைகள் ஷீட் மடித்துக் கொடுப்பார்கள், வளர்ந்த பட்டேல் பிள்ளைகள் பலர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், சிலர் சிரிக்காமல் சொல்வார்கள்.

ஊருக்குப் போவது எப்போது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வடக்கு மாநிலங்களில் ஜனவரிதான் பெரும்பாலும் அடிமட்டம், எனவே பொங்கலுக்குப் போகலாம். தெற்கு ஃபுளோரிடாவிலோ தெற்கு அரிசோனாவிலோ வாங்கினால் குளிர்காலம்தான் உச்சம், பொங்கலை மறந்துவிட்டு ஆடி மாத வெயிலில் போய்விட்டு வாருங்கள். எப்போது போனாலும் மூன்று வாரத்துக்கு மாற்று மேனேஜர் ஒருவரை மூன்று மாதம் முன்பே பேசி வையுங்கள், போவதற்கு முன் ஒரு வாரம் கூடவே நிற்க வையுங்கள், அந்த நாலு வாரச் சம்பளத்தையும் மூன்றாம் படிக் கணக்கில் செலவாக எழுதிவிட்டு அதற்கப்புறம் விலை பேசுங்கள்.